பேட்டரி அளவை போனுக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய ப்ளூடூத் கருவி செய்கிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் சேர்ப்பது பேட்டரி சதவீதத்தைத்தான். ஒரே ஒரு எண்தானே, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கருவியை வைத்திருப்பவர் அடிக்கடி பார்ப்பது அந்த எண்ணைத்தான். 40 என்று காட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் கருவி அணைந்துபோனால், அப்புறம் அது சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார், சென்சர் அளவுகள் உட்பட. அதனால் இந்த எண்ணுக்குக் கூடுதல் கவனம் கொடுப்பது வீண் வேலை இல்லை.

முதலில் எண் எந்த வடிவத்தில் போகிறது என்பதைப் பார்ப்போம். குறைந்த சக்தி ப்ளூடூத்தில், அதாவது பி.எல்.இ.யில், பேட்டரிக்கென்றே ஒரு சர்வீஸ், அதாவது தகவல்களின் தொகுப்பு, உண்டு. அதன் அடையாள எண் 180எஃப். அதற்குள் இருக்கும் பேட்டரி லெவல் என்ற கேரக்டரிஸ்டிக்கின், அதாவது மதிப்பை வைக்கும் இடத்தின், எண் 2ஏ19. அதில் வைக்க வேண்டியது 0 முதல் 100 வரையிலான ஒரு முழு எண், குறியில்லாத ஒரே பைட்டாக. இதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு 128 பிட் சர்வீஸை உருவாக்கினால், நீங்கள் எழுதிய ஆப் தவிர வேறு எதுவும் அந்த எண்ணைப் புரிந்துகொள்ளாது. தனி சர்வீஸுக்கு வலுவான காரணம் இல்லையென்றால் 180எஃப் போதும்.

அந்த ஒரு பைட்டிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். சதவீதத்தை எழுத்துச் சரமாக, "87" என்று அனுப்பிவிடுவது ரொம்பவே சகஜம். போன் முதல் பைட்டை மட்டும் படிக்கிறது. '8' என்ற எழுத்துக்கு ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் உள்ள எண் 56. ஆக, 87 சதவீதம் இருக்கும் பேட்டரி திரையில் 56 ஆகிறது. முழுதாக சார்ஜ் ஆனதும் "100" போகும். '1' என்பது 49, திரையில் 49. உங்கள் எண் எப்போதும் 48க்கும் 57க்கும் இடையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், காரணம் இதுதான். எப்போதும் 0 காட்டுகிறதா? தசம எண்ணை ஃப்ளோட்டாக நான்கு பைட்டில் அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். 87.0 என்பதை லிட்டில் எண்டியன் வரிசையில், அதாவது கடைசி பைட் முதலில் வரும்படி, வைத்தால் முதல் பைட் 0தான். மில்லிவோல்ட்டையும் இரண்டு பைட்டில் தனியாக அனுப்புகிறவர்கள் பைட் வரிசையில் கவனமாக இருக்க வேண்டும்: 3700 மில்லிவோல்ட், வரிசை மாறிப் படிக்கப்பட்டால் 29710 ஆகிவிடும்.

சரி, எண் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. அந்த எண் உண்மையா என்பதுதான் பெரிய கேள்வி. என் அனுபவத்தில் பேட்டரி எண் தப்பாக வருவதற்கு ரேடியோவைவிட, அளக்கும் முறைதான் அதிகமாகக் காரணம்.

லித்தியம் பாலிமர் செல்லுக்கு 4.2 வோல்ட் என்றால் 100, 3.0 வோல்ட் என்றால் 0, நடுவில் நேர்கோடு என்று கணக்குப் போடுவது முதல் தவறு. அந்தக் கணக்கில் 3.7 வோல்ட்டுக்கு 58 சதவீதம் வரும். ஆனால் பல செல்களில் அந்த நேரத்தில் கால் பங்குகூட மிச்சம் இருக்காது. மின்னழுத்தம் நடுப்பகுதியில் மெதுவாக இறங்கி, கடைசியில் சட்டென்று விழும். செல் தயாரிப்பாளர் தரும் டிஸ்சார்ஜ் வரைபடத்திலிருந்து எட்டு பத்துப் புள்ளிகளை எடுத்து ஓர் அட்டவணையாக வைத்துக்கொண்டு, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மட்டும் நேர்கோட்டுக் கணக்கு போடுங்கள். பூஜ்யம் எங்கே என்பதையும் செல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். போர்டில் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருந்து, அதற்கு 0.2 வோல்ட் கூடுதலாக வேண்டுமென்றால், 3.5 வோல்ட்டுக்குக் கீழே அந்த 3.3 நிலைக்காது. கருவி எங்கே நிற்கிறதோ அதுவே உங்கள் பூஜ்யம்.

இரண்டாவது, ஏ.டி.சி., அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, எதோடு ஒப்பிட்டு அளக்கிறது என்பது. சிப்புக்கு நேரடியாக பேட்டரியிலிருந்தே மின்சாரம் போய், அதே மின்னழுத்தத்தை ஏ.டி.சி.யின் ரெஃபரன்ஸாகவும் வைத்தால், பேட்டரி இறங்க இறங்க அளவுகோலும் கூடவே இறங்கும். எண் அசையாது, சாகும்வரை 100தான். சிப்பின் உள் ரெஃபரன்ஸைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, அளப்பதற்கென்று வைத்த ரெசிஸ்டர்களே பேட்டரியைக் குடிப்பது. இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர்களை பேட்டரிக்குக் குறுக்கே நிரந்தரமாகப் போட்டால், 4.2 வோல்ட்டில் 21 மைக்ரோஆம்பியர் இரவு பகலாக ஓடும். ஒரு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 184 மில்லிஆம்பியர் மணி. 200 மில்லிஆம்பியர் மணி செல்லில் ஓடும் கருவிக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! ஒரு மெகாஓம் ரெசிஸ்டர்களுக்கு மாறினால் இது பத்தில் ஒரு பங்காகும். ஆனால் ஏ.டி.சி. அதிலிருந்து சரியாக அளக்க, அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வேண்டும். இன்னும் நல்ல வழி, அளக்கும் நேரத்தில் மட்டும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் மூலம் அந்த ரெசிஸ்டர்களை இணைப்பது.

சிஆர்2032 போன்ற பட்டன் செல் வேறு ரகம். அதன் ஆயுளில் பெரும்பகுதி 3 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். உள் மின்தடை அதிகம் என்பதால் ரேடியோ அனுப்பும் கணத்தில் மின்னழுத்தம் சரியும். செல் பழசாக ஆக, குளிர் அதிகமாக ஆக, இன்னும் சரியும். ஓய்வில் அளந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும், அடுத்த கணம் கருவி ரீசெட் ஆகும். அதனால் ரேடியோ வேலை செய்யும்போதோ முடிந்த உடனேயோ அளப்பது நல்லது. இந்தச் செல்லில் ஒவ்வொரு சதவீதமாக இறங்கிக் காட்ட முயல்வதைவிட நான்கைந்து படிகளாகக் காட்டுவதே நேர்மை.

அடுத்து, எத்தனை முறை அனுப்புவது? பேட்டரி நொடிக்கு நொடி மாறாது. அப்படியிருக்க நொடிக்கொரு முறை அனுப்பினால், அனுப்புவதே பேட்டரியைத் தின்னும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளந்து, பல அளவுகளின் நடு மதிப்பை எடுத்து, முழு எண் மாறினால் மட்டும் அனுப்புங்கள். 61, 60, 61, 62 என்று எண் தத்தளித்தால், சார்ஜ் ஏறாத நேரத்தில் எண் மேலே போகாதபடி தடுத்துவிடலாம். சார்ஜர் செருகியதும் மின்னழுத்தம் உடனே உயரும், அதை நிறைந்த பேட்டரி என்று காட்டக்கூடாது. சார்ஜ் ஆகிறது என்ற தகவலைத் தனியாக அனுப்ப வேண்டும். இணைப்பே தேவைப்படாத கருவி என்றால் கருவி தன் இருப்பைச் சுற்றிலும் அறிவிக்கும் 31 பைட் விளம்பரப் பாக்கெட்டிலேயே எண்ணை வைத்துவிடலாம். இதற்கு 5 பைட் போதும்.

போன் பக்கத்தில் வரும் சிக்கல்கள் சின்னவை, ஆனால் மணிக்கணக்கில் அலைய வைப்பவை. ஐபோனில் எண் வருகிறது, ஆண்ட்ராய்டில் வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டில் நோட்டிஃபை, அதாவது எண் மாறும்போது தானாகத் தெரிவிக்கும் வசதி, அதற்கான அழைப்பை மட்டும் போட்டுவிட்டு, கருவியில் அதை இயக்கும் 2902 டிஸ்கிரிப்டரில் 01 00 எழுத மறந்திருப்பீர்கள். ஐஓஎஸ் அதைத் தானே எழுதிக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் ஒரு ரீட், ஒரு ரைட் என்று அடுத்தடுத்து விடவும் கூடாது. முதலாவதற்குப் பதில் வந்த பிறகே இரண்டாவது. நோட்டிஃபை வருவது எண் மாறும்போதுதான், அதனால் இணைந்ததும் ஒரு முறை நீங்களே படித்துவிடுங்கள். படிக்கும்வரை திரையில் 0 போடாமல் ஒரு கோடு போடுங்கள். ஏற்கெனவே போனோடு பேரிங் செய்த, அதாவது ஜோடி சேர்த்த, கருவியில் பேட்டரி சர்வீஸைப் புதிதாகச் சேர்த்தால், போன் பழைய சர்வீஸ் பட்டியலையே நினைவில் வைத்திருக்கக்கூடும். பேரிங்கை அழித்துவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள்.

சோதிக்கும்போது பேட்டரிக்குப் பதிலாக, மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய பவர் சப்ளையை இணைத்து, 4.2இலிருந்து 0.1 வோல்ட் வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் மல்டிமீட்டர் காட்டுவதையும் கருவி அளந்த மில்லிவோல்ட்டையும் போன் காட்டும் சதவீதத்தையும் எழுதுங்கள். முதல் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கோளாறு அளவீட்டில். அவை ஒத்துப்போய் மூன்றாவது மட்டும் விலகினால் அட்டவணையிலோ அனுப்பும் வடிவத்திலோ. ஆனால் பவர் சப்ளை, செல்லைப் போலச் சரியாது. அதனால் உண்மையான செல் ஒன்றைப் போட்டு, கருவி தானாக நிற்கும்வரை ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, நின்ற கணத்தில் போன் கடைசியாகக் காட்டிய எண் என்ன என்று பார்த்து, அட்டவணையின் கீழ் முனையைத் திருத்துங்கள்.