சொட்டுநீர் மானியம்: கூட்டுப் பட்டாவும் பாசி அடைப்பும்

தேவகோட்டைப் பக்கம் செம்மண் நிலம், 2 ஏக்கர். தமிழ்நாட்டில் சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. சிறு விவசாயிக்கான 5 ஏக்கர் வரம்புக்குள் இருந்தும் என் மனு திரும்பி வந்தது. காரணம், பட்டா அப்பா பெயரோடு சித்தப்பாக்கள் பெயரிலும் கூட்டாக இருந்தது. செட்டிநாட்டில் நிறைய நிலம் இப்படித்தான். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கி, அதை வைத்துத் தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று எடுத்தபின் மனு நகர்ந்தது. சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் எழுத்து மாறாமல் இருக்கட்டும்.

அடுத்த தலைவலி சொட்டுநீர் அமைப்பின் செலவு மதிப்பீட்டில். தண்ணீர் பண்ணைக் குட்டையிலிருந்து. போட்டதோ வலை வடிகட்டி மட்டும். போர் தண்ணீருக்குப் பெரும்பாலும் அது போதும். குட்டைத் தண்ணீரில் பாசி வருமே! கொஞ்ச நாளிலேயே கடைசி வரிசைகளில் சொட்டு நின்றது. மணல் வடிகட்டியை முன்னால் வைத்து, வலை வடிகட்டியைப் பின்னால் மாற்றினேன். மணல் வடிகட்டியின் இருபுறமும் அழுத்தமானி. அழுத்த வித்தியாசம் சதுர செ.மீ.க்கு அரை கிலோவைத் தாண்டினால் மணல் வடிகட்டியில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை பக்கக் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள்.

மணல் வடிகட்டியை மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் கைக்காசுதான்.