கோளை நம்பும் முன் விண்மீனைப் பாருங்கள்

பூமி அளவுள்ள ஒரு கோள் சூரியனுக்கு முன்னால் கடந்து போனால், மறைகிற ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதே கோள் டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்புக் குள்ள விண்மீனைக் கடந்தால் ஏறத்தாழ 0.6 விழுக்காடு ஒளி மறையும். அந்த விண்மீனின் விட்டம் சூரியனுடையதில் எட்டில் ஒரு பங்குதான். சிறிய புறக்கோள்களை, அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை, தேடுகிறவர்கள் சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த இந்தச் சிவப்புக் குள்ள விண்மீன்களை விடாமல் பார்ப்பது இதனால்தான். பால்வழியில் ஏறக்குறைய முக்கால்வாசி விண்மீன்கள் இந்த வகை என்பது இன்னொரு வசதி. ஆனால் இவை அடங்கி இருக்கிற விண்மீன்கள் அல்ல. கரும்புள்ளிகளும் திடீர்ச் சுடர்வெடிப்புகளும் நிறைந்தவை. இந்தத் துறையில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை, விண்மீன் செய்ததைக் கோளின் கணக்கில் எழுதுவதால் வருபவை.

அவற்றில் பெரியது, விண்மீனின் சுழற்சியையே கோள் என்று எண்ணிவிடுவது. கோள் ஒன்று இழுக்கும்போது விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் லேசாக ஆடும். அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரிகிற நிறமாலைக் கோடுகளும் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமுமாக நகரும். விண்மீனின் முகத்தில் ஒரு பெரிய கரும்புள்ளி இருந்தாலும் இதுபோலவே தெரியும். சுழற்சியில் நம்மை நோக்கி வருகிற பாதியில் புள்ளி இருந்தால் அந்தப் பாதியின் ஒளி குறைந்து கோடு ஒரு பக்கம் சாயும். புள்ளி மறுபாதிக்குப் போனதும் சாய்வும் மாறிவிடும். எண்களை மட்டும் பார்க்கிற நிரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கிளீசே 581 என்ற சிவப்புக் குள்ள விண்மீனில் இதுதான் நடந்தது. 2007இல் அங்கே ‘டி’ என்ற கோள் அறிவிக்கப்பட்டது. 2010இல் ‘ஜி’ வந்தது. அது வாழத்தகு மண்டலத்தில், அதாவது நீர் திரவமாக நிற்கக்கூடிய தூரத்தில், இருக்கிறது என்று உலகமே பேசியது. 2014இல் பால் ராபர்ட்சன் குழுவினர் கரும்புள்ளிகளை உண்டாக்கும் விண்மீனின் காந்தச் செயல்பாட்டைத் தனியே கணக்கிட்டார்கள். விண்மீன் தன்னைத்தானே சுற்ற எடுத்துக்கொள்வது சுமார் 130 நாள். டி கோளின் 66 நாள் சுற்றுக்காலம் அதில் ஏறக்குறையப் பாதி. அந்தப் பாதிப்பைக் கழித்ததும் டி மறைந்தது, கூடவே ஜியும் போனது. மிச்சமிருந்த மூன்று கோள்களின் சைகையோ முன்பைவிடத் தெளிவாகியது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விண்மீனைச் சரியாகக் கழித்தால் பொய்க்கோள் போவதோடு மெய்க்கோளும் துலங்கி வருகிறது.

எனவே ஒரு சுற்றுக்காலம் கிடைத்தவுடன், அது விண்மீனின் சுழற்சிக் காலமா, அதில் பாதியா, மூன்றில் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பல சிவப்புக் குள்ள விண்மீன்களின் சுழற்சிக் காலமும் வாழத்தகு மண்டலத்துக் கோளின் சுற்றுக்காலமும் ஒரே வரம்பில் வந்து விழுகின்றன. நாம் ஆசையோடு தேடுகிற இடத்திலேயே பொறி இருக்கிறது. இன்னொரு சோதனை நிறம். கோளின் இழுப்பு எந்த அலைநீளத்தில் அளந்தாலும் ஒரே அளவுதான். கரும்புள்ளியின் பாதிப்பு அலைநீளத்துக்கு ஏற்ப மாறும், அகச்சிவப்பில் பொதுவாகக் குறையும். ஏடி லியோனிஸ் என்ற சிவப்புக் குள்ள விண்மீனில் 2.2 நாளில் சுற்றிவரும் கோள் என்று சொல்லப்பட்ட சைகை இந்தச் சோதனையில் நிற்கவில்லை.

கோள் முன்னால் கடக்கும்போது மறைகிற ஒளியை அளக்கும் கோள்கடப்பு முறையில் வேறு வகைத் தவறு நடக்கும். இந்த முறையில் கோள் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 விகலை அகலம் (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). அதற்குள் மங்கலான வேறு விண்மீன்களும் அடங்கிவிடும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன் பின்னால் இருந்தால், அதன் ஒளிக்குறைவு நம் குள்ள விண்மீனின் கோள்போலத் தெரியும். ஒற்றைப்படை வரிசைக் குறைவுகளும் இரட்டைப்படை வரிசைக் குறைவுகளும் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஆழம் மாறி மாறி வந்தால், இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைக்கின்றன, அது கோள் அல்ல. அருகிலுள்ள குள்ள விண்மீன்களுக்கு அழகான ஒரு வழியும் உண்டு. இவை வானத்தில் வேகமாக இடம் மாறுபவை. 1950களில் எடுத்த பழைய தகட்டுப் படத்தை எடுத்து, விண்மீன் இன்று இருக்கிற இடத்தில் அன்று என்ன இருந்தது என்று பார்த்தால் போதும். பின்னணி விண்மீன் இருந்தால் அதில் அகப்பட்டுவிடும்.

நிறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்மீனின் ஆட்டத்தை மட்டும் அளந்து கிடைப்பது கோளின் குறைந்தபட்ச நிறை. 2016இல், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனைச் சுற்றும் புராக்சிமா பி கோள் பூமியைப்போல 1.3 மடங்கு என்று வந்த எண்ணும் அப்படிப்பட்டதே. ‘குறைந்தது’ என்ற சொல் செய்திகளில் காணாமல் போய்விடுகிறது.

அப்புறம் வாழத்தகு மண்டலம். அது கோளுக்கு வருகிற வெப்பத்தின் அளவைச் சொல்வது, அவ்வளவுதான். சிவப்புக் குள்ள விண்மீன்கள் பிறந்தபின் நிலைபெறவே கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதுவரை இன்றைவிடப் பிரகாசமாக எரியும். இன்று மிதமான தூரத்தில் இருக்கிற கோள் அன்று வெந்து, நீரை இழந்திருக்கக் கூடும். எதிர்த் தவறும் உண்டு: ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டும் கோளில் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் உறையும், ஆகவே கதை முடிந்தது என்பது. போதிய வளிமண்டலம் இருந்தால் காற்றே வெப்பத்தை இருண்ட பக்கத்துக்குக் கொண்டு சேர்க்கும் என்று 1990களின் கணினி மாதிரிகளே காட்டிவிட்டன.

வளிமண்டலத்தைப் படிக்கும்போது விண்மீனின் குறுக்கீடு இன்னும் நுட்பமானது. கரும்புள்ளிகள் குளிர்ந்தவை, அவற்றில் நீராவி மூலக்கூறுகளே இருக்கும். கோள் புள்ளியில்லாத பகுதியை மறைத்துப் போனால், மிஞ்சுகிற ஒளியில் புள்ளிகளின் பங்கு கூடிவிடும். அந்த நீர் கோளின் நீர்போல நிறமாலையில் பதியும். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கிளீசே 486 பி கோளில் நீராவியின் அடையாளத்தைக் கண்டபோது, ஆய்வாளர்கள் இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்: கோளின் வளிமண்டலமாக இருக்கலாம், விண்மீனின் புள்ளிகளாகவும் இருக்கலாம். அப்படிச் சொல்வதுதான் முறை.

ஒரே அலைநீளத்தை வைத்து ‘வளிமண்டலம் இல்லை’ என்று முடிப்பதும் அவசரம்தான். டிராப்பிஸ்ட்-1 பி கோளின் பகல் பக்கம் சுமார் 500 கெல்வின் என்று 2023இல் 15 மைக்ரான் அகச்சிவப்பு அலைநீளத்தில் எடுத்த அளவீடு காட்டியது. வெப்பத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுபோகக் காற்று இல்லாத வெறும் பாறை என்று தோன்றியது. பிறகு 12.8 மைக்ரானிலும் அளந்தபோது, வெறும் பாறையோடு, புகைமூட்டம் உள்ள கார்பன் டை ஆக்சைடு வளிமண்டலமும் ஒரு சாத்தியமாக மேசைக்கு வந்தது. இருந்தாலும் வெறும் பாறை என்ற கருத்தை வைத்தே இப்போது ஒரு நல்ல உத்தியைக் கையாள்கிறார்கள். பி கோளும் ‘இ’ கோளும் அடுத்தடுத்துக் கடக்கிற வேளைகளைத் தேர்ந்தெடுத்து வெப் தொலைநோக்கியைத் திருப்புகிறார்கள். பி கோளில் வளிமண்டலம் இல்லையென்றால் அதன் நிறமாலையில் தெரிகிற கோடுகள் விண்மீனின் வேலை என்று கொண்டு, அவற்றை இ கோளின் நிறமாலையிலிருந்து கழிக்கிறார்கள்.