ஒரே பிடி, பல கார்டுகள்: யுகுலேலேயில் நகரும் பிடிகள்

நான்கு தந்திகள் கொண்ட குட்டி கிட்டார் போன்ற யுகுலேலேயின் வகுப்பில் முதல் சில வாரங்கள் சி, எஃப், ஜி7, ஏ மைனர் என்ற கார்டுகளோடு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) சுகமாகப் போகும். அப்புறம் பாடுபவர் யாராவது, “சுருதியைக் கொஞ்சம் ஏத்திக்கலாமா?” என்பார். தாளில் பி ஃபிளாட் வந்து நிற்கும். பாதிப் பேர் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். விரல்களின் அமைப்பு மாறாமல் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய ‘நகரும் பிடி’ ஒன்று தெரிந்தால் பி ஃபிளாட் அதற்குள்ளேயே வந்துவிடும்.

கீழே வரும் எண்கள் ஜி-சி-இ-ஏ என்ற தந்தி வரிசையில், அழுத்த வேண்டிய ஃப்ரெட்டைக் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரியும் கட்டம்) குறிக்கும். 0 என்றால் திறந்த தந்தி.

1. ஏ மேஜரை (2100) விரல் மாற்றிப் பிடியுங்கள். ஜி தந்தியில் மோதிர விரல், சி தந்தியில் நடுவிரல். ஆள்காட்டி விரல் சும்மா இருக்கட்டும். அதற்குத்தான் இனி வேலை.

2. ஆள்காட்டி விரலை 3ஆம் ஃப்ரெட்டில் நான்கு தந்திகளுக்கும் குறுக்கே படுக்க வையுங்கள். இதுதான் பார். நடுவிரல் சி தந்தியில் 4, மோதிர விரல் ஜி தந்தியில் 5. ஆக 5433, அதாவது சி மேஜர். பலர் 1ஆம் ஃப்ரெட்டில்தான் பழகத் தொடங்குவார்கள். நட்டுக்குப் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டை) பக்கத்தில் தந்தி விறைப்பாக இருக்கும், விரல் வலிக்கும். 3இல் தொடங்குவதே நல்லது.

3. ஸ்ட்ரம் செய்யாமல், அதாவது எல்லாவற்றையும் ஒரேயடியாக வருடாமல், தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். பெரும்பாலும் இ தந்திதான் ‘டப்’பென்று செத்துப்போகும். இன்னும் பலமாக அழுத்துவதால் பயனில்லை. ஃப்ரெட் கம்பியை ஒட்டி விரலை நகர்த்தி, கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் உருட்டுங்கள். விரலின் எலும்பான ஓரம் தந்தியில் பட்டால் ஒலி தெளியும்.

4. இப்போது பிடி கலையாமல் நகர்த்துங்கள். பார் விழும் ஃப்ரெட்டில் ஏ தந்தி என்ன சுரம் தருகிறதோ, அதுவே கார்டின் பெயர்: 1இல் பி ஃபிளாட் (3211), 2இல் பி (4322), 3இல் சி, 5இல் டி (7655). ஜி மேஜருக்கு 10 வரை ஏற வேண்டும். சோப்ரானோ என்ற சின்ன யுகுலேலேயில் அங்கே விரலுக்கு இடமே இருக்காது. அதற்குப் பழைய 0232 போதும்.

5. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 5433 பிடித்தபடியே நடுவிரலை மட்டும் எடுங்கள்: 5333, சி மைனர். நடுவிரலைத் திரும்ப வைத்து மோதிர விரலை எடுங்கள்: 3433, சி7. நான்கு தந்திகளுக்கும் பார் போடச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு தந்திகளோடு நிறுத்தியிருந்தால் இந்த இரண்டும் கிடைக்காது.

சுருதி மாறாமல் வாசிக்க வரும்வரை வேகம் வேண்டாம். சி, டி இரண்டுக்கும் இடையே மெதுவாகப் போய் வாருங்கள். நகரும்போது தந்தியை விட்டு விரலை முழுதாகத் தூக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள்.

வகுப்பில் யாராவது பாரிடோன் என்ற பெரிய யுகுலேலே கொண்டுவந்தால் கவனம். டி-ஜி-பி-இ சுருதியில் இருந்தால், அவர் கையில் அதே 5433 ஜி மேஜராக ஒலிக்கும்.