அச்சுத் துணியில் சூப்பர்ஹீரோ உடை: தையலுக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

சாதாரண உடையில் அளவு தவறினால் தையலைப் பிரித்து, ஓரத்தைக் கொஞ்சம் பிடித்துத் தைத்துச் சரிசெய்துவிடலாம். உடம்போடு ஒட்டி நிற்கும் அச்சு உடையில் அந்த வசதி இல்லை. விலாப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் பிடித்தால் போதும், மார்பிலிருந்து முதுகுக்கு ஓடும் கோடு அங்கே முறிந்து நிற்கும். துணியில் மை ஏறும்போதே அளவும் முடிவாகிவிடுகிறது. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பிறகு தெரியவரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே, துணித் தேர்விலும் கணினித் திரையிலும் நடந்தவை.

துணியிலிருந்து தொடங்குவோம். வீட்டில் கிடைக்கும் பருத்தி பனியன் துணியில் சப்ளிமேஷன் அச்சை (படத்தைத் தாளில் அச்சிட்டு வெப்பத்தால் துணிக்கு மாற்றும் முறை) போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இந்த முறையில் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மை ஆவியாகி பாலியெஸ்டர் இழைக்குள் போய்த் தங்குகிறது. பருத்தி அதை ஏற்காது. முதல் சலவையிலேயே வெளுக்கும். நைலான் கலந்த லைக்ரா என்ற இழுபடும் துணியிலும் நிறம் மங்கலாகவே நிற்கும். வேண்டியது பாலியெஸ்டர் 80 முதல் 85 சதவீதமும் மீதி ஸ்பான்டெக்ஸ் என்ற மீள் இழையுமாக உள்ள, நீளம் அகலம் இரண்டிலும் இழுபடும் வெள்ளைத் துணி. இந்த அச்சில் வெள்ளை மை கிடையாது என்பதால் துணிக்கு நிறம் இருந்தால் அது எல்லா வண்ணத்தோடும் கலந்துவிடும். எடை சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் இருக்கட்டும். அதைவிட மெல்லிய துணி இழுபட்டதும் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

வாங்கும் முன் 10 சென்டிமீட்டரைக் குறித்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் 15 வரை வர வேண்டும். விட்டதும் மறுபடி 10க்குத் திரும்ப வேண்டும். பத்தரையில் நின்றுவிட்டால், போட்ட கொஞ்ச நேரத்தில் முழங்காலும் முழங்கையும் தொங்கிப்போகும்.

அளவில் எல்லாப் பக்கமும் ஒரே விகிதம்

இழுபடும் துணியை உடம்பளவைவிடச் சிறிதாக வெட்ட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு, முழு வெட்டு மாதிரியையும் கணினியில் 90 சதவீதமாகச் சுருக்கிவிடுகிறார்கள். சுற்றளவுக்கு அது சரி: 90 சென்டிமீட்டர் மார்புக்கு 81 வெட்டலாம். நீளத்தையும் அதே அளவு குறைத்தால் தோளும் கவட்டும் ஒன்றையொன்று இழுக்கும், கையைத் தூக்க முடியாது, மணிக்கட்டில் கை குட்டையாகிவிடும். நீளத்தில் 3 சதவீதக் குறைப்பே பெரும்பாலும் போதும். தலை முதல் கால் வரை ஒரே உடையாகத் தைப்பவர்கள் மார்பு, இடை, இடுப்போடு இன்னொரு அளவும் எடுக்க வேண்டும்: தோளின் நடுவில் தொடங்கி, முன்பக்கமாக இறங்கி, கவட்டைச் சுற்றி, முதுகு வழியே அதே தோளுக்குத் திரும்பும் அளவு. இதை விட்டுவிடுவதால்தான் நின்றால் பொருந்தும் உடை உட்கார்ந்ததும் வெட்டுகிறது.

இந்த இரண்டு விகிதங்களும் ஓவியத்தையும் பாதிக்கும். மார்பில் 20 சென்டிமீட்டர் வட்டச் சின்னம் வேண்டுமென்று கோப்பிலும் 20க்கு 20 வரைந்தால், போட்டதும் அது அகன்ற முட்டை வடிவமாகத் தெரியும். மேலே சொன்ன விகிதத்தில் அகலம் 18, உயரம் 19.4 என்று வரைந்தால்தான் உடம்பின் மேல் வட்டமாக நிற்கும்.

இதையெல்லாம் கணக்கில் மட்டும் நம்ப வேண்டாம். அச்சுக்கு முன் ஒரு வெள்ளோட்ட உடை கட்டாயம் தைத்துப் பார்க்க வேண்டும். செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்தப் பலரும் தாண்டிவிடும் படி இது. தாண்டக்கூடாத படியும் இதுதான். வெள்ளோட்டத் துணி, அச்சிடப்போகும் துணியைப் போலவே இழுபட வேண்டும். இழுபடாத துணியில் பார்த்த அளவு எதற்கும் உதவாது. அதைப் போட்டுக்கொண்டு குந்தி உட்காருங்கள், கைகளை மேலே தூக்குங்கள். பிறகு அதே உடையின் மேல், உடம்பில் இருக்கும்போதே, இன்னொருவரைக் கொண்டு மார்க்கரால் கோடுகளை வரையச் சொல்லுங்கள்: சின்னம் எங்கே, இடைக்கச்சை எங்கே, தசைக் கோடுகள் எங்கே. கழற்றி, தையலோடு பிரித்து, தட்டையாக விரித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஸ்கேன் செய்தால் மாதிரியும் ஓவியமும் ஒன்றாகவே கணினிக்குள் வந்துவிடும்.

கோப்பில் ஒளிந்திருப்பவை

படத்தை அச்சிடப்போகும் உண்மையான அளவிலேயே, அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற அடர்த்தியில் உருவாக்குங்கள். 150 சென்டிமீட்டர் பன்னாவுக்கு (துணியின் அகலம்) அது ஏறக்குறைய 8,860 பிக்சல் அகலம். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் வலைப்பின்னல் கோடுகள் படிக்கட்டுபோல உடைந்து தெரியும். கோப்பின் மூலையில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று போட்டு வையுங்கள். அச்சிடும் மென்பொருள் படத்தைத் தாளுக்குள் அடக்கச் சுருக்கியிருந்தால் அந்தச் சதுரத்தை அளந்தாலே தெரிந்துவிடும். வெப்பத்தில் துணியும் சற்றுச் சுருங்கும். முதலில் ஒரு துண்டில் சதுரத்தை அச்சிட்டு, எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, கோப்பை அந்த அளவு பெரிதாக்க வேண்டும்.

தையலில் கோடுகள் சேராமல் போவதற்குக் காரணம் தைப்பவரின் கை என்றே நினைப்போம். பெரும்பாலும் காரணம் வேறு: கோடுகளை வெட்டு விளிம்பில் பொருத்தி வரைந்திருப்பார்கள். சேர வேண்டிய இடம் தையல் கோடு. இரு பக்கமும் தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டிருந்தால், வெட்டு விளிம்பில் சரியாகச் சந்திக்கும் 45 டிகிரி சாய்வுக் கோடு, தைத்த பிறகு 2 சென்டிமீட்டர் மேலும் கீழுமாக விலகும். ஆகவே இரண்டு துண்டுகளையும் திரையில் தையல் கோட்டோடு தையல் கோடாக ஒட்டவைத்து, ஒரே படமாக வரைந்து, பிறகுதான் பிரிக்க வேண்டும். ஓவியம் வெட்டு விளிம்பைத் தாண்டி ஒன்றரை சென்டிமீட்டராவது நீளட்டும். இல்லாவிட்டால் கத்தரி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தலைகாட்டும். வெட்டுக் கோட்டைத் தடித்த கறுப்பில் அச்சிடாதீர்கள்.

இன்னும் சில சிறு விஷயங்கள், விலை மட்டும் பெரிது. ஒரே கைத்துண்டை இரண்டு முறை நகலெடுத்தால் இரண்டு இடது கைகள் கிடைக்கும். ஒன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். தாளில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும்போது முழுப் படத்தையும் திருப்பி அச்சிட வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து இடவலம் மாறி வரும். துணியை மிச்சப்படுத்தத் துண்டுகளைக் குறுக்கே போடுவதும் ஆபத்து. அதிகம் இழுபடும் திசை உடம்பைச் சுற்றியே வர வேண்டும்.

நிறம் பற்றி: திரையில் பார்த்த சிவப்பு துணியில் வராது. நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு நிறத்தின் ஐந்தாறு சாயல்களைச் சிறு கட்டங்களாக, எண்ணோடு, அதே துணியில் அச்சிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு தனிப் பிரச்சினை. மை துணியின் மேற்பக்கத்தில்தான் ஏறுகிறது. இழுபடும்போது உள்ளிருக்கும் வெள்ளை இழை வெளியே தெரிந்து, தொடையிலும் தோளிலும் கறுப்பு சாம்பலாகிவிடும். பெரிய கறுப்புப் பகுதிகளுக்குச் சாயம் ஏற்றிய கறுப்பு லைக்ராவையே வெட்டிச் சேர்ப்பது நல்லது. தசை நிழல்களை மிக மென்மையாக வரைந்தால் நாலு அடி தள்ளி நின்றாலே மறைந்துபோகும். திரையில் கொஞ்சம் மிகையாகத் தெரியும் அளவே துணியில் சரியாக இருக்கும்.

தையலில், சாதாரண நேர்த்தையல் முதல் முறை குனியும்போதே அறுந்துவிடும். குறுகிய ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக் போடுங்கள். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் ஊசியைப் பாருங்கள். லைக்ராவுக்கென்றே வரும் 75/11 ஸ்ட்ரெட்ச் ஊசி வேண்டும். துணியைக் கையால் பின்னாலிருந்து இழுத்தால் தையல் அலையலையாக நிற்கும். அழுத்தும் பாதத்தின் இறுக்கத்தைக் குறைத்தாலே துணி தானாக நகரும். ஜிப் இழுபடாது என்பதால் அது வரும் ஓரத்தில் துணி இழுபடாமல் தடுக்க முதலில் ஒட்டுப்பட்டை வைக்க வேண்டும். ஜிப் இடையோடு நின்றுவிட்டால் இடுப்பு உள்ளே நுழையாது. கழுத்திலிருந்து முதுகின் அடிவரை இறங்கட்டும்.

முகமூடியில் கண் துளையைக் கோட்டிலேயே வெட்டாதீர்கள். துணி முகத்தில் இழுபட்டதும் துளை பெரிதாகும். ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி வெட்டி, போட்டுப் பார்த்துப் பார்த்து விரிக்க வேண்டும். போட்டபடி படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள், பக்கவாட்டுப் பார்வை மறைந்தால் குழந்தைகளுக்கு அந்த முகமூடி வேண்டாம்.

துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சூடான இஸ்திரிப் பெட்டி வேண்டாம். மடிப்பில் மை அடுத்த பக்கத்துக்கு ஏறிவிடும், ஸ்பான்டெக்ஸும் தன் இழுவையை இழந்துவிடும்.