ஸ்கோர்பாவில் ஏழு நிமிடம்: மால்டாவின் சிறிய கற்கோயில்களுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு காலை, மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவின் வடமேற்கே இருக்கும் ஸ்கோர்பா என்னும் தொல்லிடத்துக்கு மூன்று தமிழ் இளைஞர்களை அழைத்துச் சென்றிருந்தேன். வேலைக்காகத் தீவுக்கு வந்து ஓராண்டுகூட நிறைவடையாதவர்கள். உள்ளே நுழைந்ததும் அங்கு நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கல்லை நோக்கி நடந்தார்கள். முறைவைத்து அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு, இதே இடத்தில், நானும் ஏறத்தாழ அதே ஏழு நிமிடத்தைத்தான் செலவழித்தேன் என்பதால் அவர்கள்மீது கோபம் வரவில்லை. பழைய கோபம் ஒன்று என்மீதே திரும்பி வந்தது.

ஊரிலிருந்து வருகிறவர்களை இக்கற்கோயில்களுக்கு அழைத்துச் செல்வது எனக்கு இப்போது விடுமுறை நாள் வழக்கமாகிவிட்டது. மால்டா நாட்டின் இன்னொரு தீவான கோசோவிலுள்ள ஜிகந்தியா 1980-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது; ஹஜர் இம், இம்னைத்ரா, தார்ஷீன், தா ஹஜ்ராத், ஸ்கோர்பா ஆகிய ஐந்தும் 1992-ல் அதனுடன் சேர்க்கப்பட்டன. இந்த ஆறில் முதல் நான்கும் பெரியவை, அல்லது பெயர் பெற்றவை. அவற்றில் தவறு செய்தாலும் காண்பதற்கு ஏதாவது மிஞ்சும். கடைசி இரண்டும் சிறியவை. அங்கே செய்யும் தவறு முழு வருகையையும் விழுங்கிவிடும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், தொப்பி அணியுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

பெயரைக் குழப்பிக்கொள்வது

மால்டா மொழியில் ‘ஹஜர்’ என்றால் கல். ஆகவே ஹஜர் இம், தா ஹஜ்ராத் என்னும் இரண்டு பெயர்களும் அதே சொல்லிலிருந்து பிறந்தவை. முதலாவது தெற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. இரண்டாவது வடமேற்கே இம்ஜார் ஊரின் விளிம்பில் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் பேருந்தில் ஏறி ‘ஹஜ்ர’ என்று தொடங்கியதுமே ஓட்டுநர் தலையாட்டிவிட, எதிர்த் திசையில் தீவையே கடந்து போய் இறங்கினார். நான் இம்ஜாரில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். கோயிலின் பெயரைச் சொல்லாமல் ஊரின் பெயரைச் சொல்லுங்கள்: தா ஹஜ்ராத்துக்கு இம்ஜார், ஸ்கோர்பாவுக்கு அதன் அருகிலுள்ள ஸெப்பியா.

வாயிலில் சீட்டு கிடைக்கும் என்று நம்பிப் போவது

சிறிய தொல்லிடங்கள் பெரியவற்றைப் போல் நாள் முழுவதும் திறந்திருப்பதில்லை. நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். முதல் நாளே பார்த்து, சீட்டையும் வாங்கிவிட வேண்டும்.

நிற்கும் கல்லைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்க்காமல் திரும்புவது

இதைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

என் தந்தை தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வரலாற்றுப் பாடம் நடத்தியவர். ஒரே ஒரு முறைதான் மால்டாவுக்கு வந்தார். அவர் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், ‘இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது’ என்று ஸ்கோர்பாவுக்கு அழைத்துச் சென்றேன். நானும் அன்றுதான் முதல் முறையாக அங்கே போகிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஜிகந்தியாவின் மதில் போன்ற சுவர்களை அதற்கு முன்பே பார்த்திருந்த அவருக்கு, ஸ்கோர்பாவில் ஆளைவிட உயரமான ஒரு கல்லும், அதைச் சுற்றி முழங்கால் உயரம்கூட இல்லாத கல் வரிசைகளும், சரளையும் புல்லும்தான் தெரிந்தன. “இவ்வளவுதானாப்பா?” என்று கேட்டார். “இவ்வளவுதாம்ப்பா” என்றேன். திரும்பிவிட்டோம்.

அவர் போன மறுவாரம் வல்லெட்டாவிலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், ஸ்கோர்பாவிலிருந்து எடுத்த உடைந்த பெண் உருவங்களையும் சிவப்புப் பூச்சுப் பானைத் துண்டுகளையும் பார்த்தபோதுதான், நான் என் தந்தைக்குக் காட்டாமல் விட்டது எது என்பது விளங்கியது. அவரிடம் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். இருபது அடி தூரத்தில் நின்று காட்டியிருக்க வேண்டியதைக் கடல் கடந்து எப்படி விளக்குவது?

ஸ்கோர்பாவின் கோயில் அங்குள்ளவற்றில் மிகவும் பிந்தியது. 1961 முதல் 1963 வரை டேவிட் டிரம்ப் என்னும் தொல்லியலாளர் (அரசியல்வாதியை நினைக்க வேண்டாம்) இங்கே அகழ்ந்தபோது, மண்ணுக்கு வெளியே தெரிந்தது அந்த ஒற்றைக் கல்லும் ஏதோ சில கற்களும்தான். கோயிலின் முகப்பும் முதல் இரண்டு அரைவட்ட அறைகளும் தரைமட்டம்வரை அழிந்து போயிருந்தன. கட்டடமாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் பெரிய கோயில்கள் பலவற்றைப் பழைய காலத்தவர் அவசரமாகத் தோண்டி மண்ணை வாரிக் கொட்டிவிட்ட நிலையில், இங்கே மண் அடுக்குகள் கலையாமல் கிடைத்தன. டிரம்ப் அவற்றை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தார். கோயில் தரைக்குக் கீழும் சுற்றிலும் அதைவிட மிகப் பழைய ஓர் ஊர் இருந்தது.

அந்த ஊரின் மிகப் பழைய எச்சம் ஒரு நேர்ச்சுவர். ஏறத்தாழ 11 மீட்டர் நீளம். தீவில் உழவர் குடியேறிய தொடக்கக் காலத்தைச் சேர்ந்த அது, சுமார் கி.மு. 5000-ஐ ஒட்டியது. கோயில் எழுந்தது கி.மு. 3600-க்குப் பிறகு. இரண்டுக்கும் நடுவில் ஆயிரத்து நானூறு ஆண்டு அளவுக்கு இடைவெளி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலை இராசராசன் 1010-ல் கட்டி முடித்தான்; அவனுக்கும் நமக்கும் இடையே உள்ள தொலைவைவிட, அந்தச் சுவரைக் கட்டியவருக்கும் கோயிலைக் கட்டியவருக்கும் இடையே உள்ள தொலைவு அதிகம். பெரிய கோயிலின் நிழலில் வளர்ந்த என் தந்தைக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லியிருந்தால் போதும், அந்தச் சுவரின் முன்னால் அவர் அரை மணி நேரம் நின்றிருப்பார். அவரோ அதைத் தோட்டத்து வரப்பு என்று எண்ணிக் கடந்து போனார். நான் அவருக்கு முன்னால் கடந்து போயிருந்தேன்.

கோயிலுக்குச் சற்று விலகி இரண்டு நீள்வட்ட அறைகளின் அடித்தளம் இருக்கிறது. அவற்றின் தரை மேடும் பள்ளமுமாக இருந்ததால் அவை குடியிருப்பாக இருந்திருக்க முடியாது என்று கருதினார்கள். உள்ளே பெண் உருவங்களின் உடைந்த பகுதிகளும், செதுக்கிய மாட்டுக் குளம்பெலும்புகளும், சிதைத்த ஆட்டுத் தலையோடுகளும் கிடைத்தன. அந்த அறைகள் ஏதோ வழிபாட்டுக்கு உரியவை என்று ஊகிப்பதற்கு இவைதாம் ஆதாரம். காலம் கி.மு. 4400-க்கும் 4100-க்கும் இடைப்பட்டது; அதாவது தீவில் பெருங்கல் கோயில் எதுவும் எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதே நிலத்தில், வழிபாட்டுக்கென்று தனி அறை அமைத்திருக்கிறார்கள். கோயில் கட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நம் கால் அருகில் கிடக்கும் அந்தக் கற்கள் ஓரளவு விடை வைத்திருக்கின்றன. நின்று கொண்டிருக்கும் உயரமான கல்லிடம் அந்த விடை இல்லை.

பானைகளின் கதையும் இதில் சேர்ந்தது. மால்டாவின் முன்வரலாற்றில் தொடக்கக் குடியேற்றத்துக்கும் கோயில் காலத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை நிரப்பியவை இங்கே அடுக்கடுக்காகக் கிடைத்த ஓடுகளே. முதலில் சாம்பல் நிறப் பானை. அதன் மேலடுக்கில் சிவப்புப் பூச்சுடையது. சாம்பல் ஸ்கோர்பா, சிவப்பு ஸ்கோர்பா என்று அந்த இரு காலகட்டங்களுக்கும் இவ்விடத்தின் பெயரையே வைத்தார்கள். ஒரு நாட்டின் காலவரிசையில் இரண்டு படிகளுக்குப் பெயர் கொடுத்த இடத்தில் ஏழு நிமிடம் நின்றிருக்கிறேன்.

ஆகவே ஸ்கோர்பாவில் நுழைந்ததும் அந்தக் கல்லுக்கு முதுகைக் காட்டுங்கள். விளக்கப் பலகையிலுள்ள தரைப்படத்தை உங்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, நேர்ச்சுவரையும் இரண்டு அறைகளையும் முதலில் அடையாளம் காணுங்கள். கோயிலின் அரைவட்டங்களைப் பிறகு தேடலாம். எங்கே ஒரு கல் வரிசை இன்னொன்றை வெட்டிக்கொண்டு போகிறதோ, அங்கே ஒரு காலம் இன்னொன்றின் மேல் ஏறியிருக்கிறது. அந்த மூன்று இளைஞர்களையும் திரும்ப உள்ளே அழைத்துச் சென்று இப்படிக் காட்டினேன். ஒருவர் அதற்குள் காலணிக் கயிற்றைக் கட்டுவதற்கு வசதியாக அந்த நீள்வட்ட அறையின் சுவர்மீதுதான் காலைத் தூக்கி வைக்கப் போனார். பிடித்து நிறுத்தினேன்.

அருங்காட்சியகத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்குவது

முதல் நாள் போங்கள். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

தா ஹஜ்ராத்துக்கும் இது பொருந்தும். தெமி ஸாமிட் என்னும் மால்டாத் தொல்லியலாளர் 1923-க்கும் 1926-க்கும் இடையே அகழ்ந்த அவ்விடத்தில், மென்கல்லில் செதுக்கிய ஒரு கட்டடத்தின் சின்னஞ்சிறு மாதிரி உரு கிடைத்தது, உள்ளங்கையில் அடங்கிவிடும். நேர் நிலைக்கற்களும், மேலே பரப்பிய கூரைக் கற்களும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பார்த்துவிட்டுப் போனால், கூரையிழந்து நிற்கும் அந்தக் கோயிலுக்குக் கண்ணாலேயே கூரை போட்டுவிடலாம். படியேறி நுழையும் அதன் முக்கல் வாயிலும் (இரண்டு நிலைக்கற்கள்மேல் ஒரு குறுக்குக் கல்), உள்ளே கல் பாவிய முற்றமும், மூன்று பக்கமும் விரியும் அரைவட்ட அறைகளும் அப்போது ஒரு வீட்டைப் போல ஒழுங்குபடும்.

‘பெருங்கற்காலம்’ என்னும் சொல்லைச் சுமந்துகொண்டு வருவது

நம் ஊரில் படித்தவர்களுக்கே வரும் தவறு இது. தமிழ்நாட்டில் பெருங்கற்காலம் என்றால் கல்திட்டை, கற்பதுக்கை, முதுமக்கள் தாழி ஆகியவை நினைவுக்கு வரும். அவை இறந்தோருக்கானவை, பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. மால்டாவின் கோயில்களைக் கட்டியவர்களிடம் இரும்பு இல்லை. செம்போ வெண்கலமோகூட இல்லை. கல்லாலும் கொம்பாலும் ஆன கருவிகளைக்கொண்டு, கீசாவின் பெரும் பிரமிடுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முன்னதாகவே இவற்றை எழுப்பத் தொடங்கினார்கள். ‘பெருங்கல்’ என்னும் சொல் கல்லின் அளவை மட்டும் குறிக்கிறது என்று கொண்டால் குழப்பம் இல்லை. இதைச் சொன்னதும், கொற்கைக்கும் மால்டாவுக்கும் உறவு தேடத் தொடங்கிய ஒருவரை அமைதிப்படுத்த எனக்கு ஒரு முழு மதிய உணவு வேளை தேவைப்பட்டது.

‘கோயில்’ என்றதும் கருவறையைத் தேடுவது

கோயில் என்பது தொல்லியலாளர் வைத்த பெயர். இவற்றைக் கட்டியவர்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. எந்தத் தெய்வம், என்ன வழிபாடு என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. வழிகாட்டியாக வருகிறவர் இந்த இடத்தில் பலி, அந்த இடத்தில் அருள்வாக்கு என்று உறுதியாகச் சொன்னால் பாதியைத் தள்ளிவிடுங்கள்.

ஆனால் இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. நண்பர் ஒருவரின் தாயார், எழுபது வயதைத் தாண்டியவர், தா ஹஜ்ராத்தின் வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து நிலைப்படிக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்தச் சாமி என்று அவர் கேட்கவில்லை. இக்கற்களைத் தொடக் கூடாது என்பது விதி. மென்மையான மஞ்சள் நிறக் கல் மழைக்கும் உப்புக் காற்றுக்கும் உதிர்கிறது என்பதால்தான் 2009-ல் ஹஜர் இம், இம்னைத்ரா இரண்டுக்கும் மேலே பெரிய கூடாரக் கூரை போட்டார்கள். தா ஹஜ்ராத்தின் கல் கடினமான வகையைச் சேர்ந்தது என்றாலும், விதி விதிதான். “இனிமேல் தொடாதீங்கம்மா, கையெடுத்துக் கும்பிட்டாப் போதும்” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் கண்டிக்க வாய் வரவில்லை.

கல்லின் மேல் ஏறிப் படம் எடுப்பது

கூடாது.

அதே நாளில் சுரங்கக் கல்லறையையும் பார்த்துவிடலாம் என்று எண்ணுவது

ஹல் சஃப்லியேனி நிலத்தடிக் கல்லறைக்குள் ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பேரை மட்டுமே அனுமதிக்கிறார்கள். வாரக்கணக்கில் முன்பதிவு செய்யாதவர் அதை மறந்துவிடலாம்.

இரண்டு சிறிய கோயில்களுக்கும் இடையே வண்டிக்குக் காத்திருப்பது

தா ஹஜ்ராத்தை முதலில் பாருங்கள். அங்கே சுவர் நிற்கிறது, வாயில் நிற்கிறது, கோயிலின் உருவம் கண்ணில் படிந்துவிடும். அதன் பிறகு ஸ்கோர்பாவுக்கு வந்தால், தரையோடு கிடக்கும் அரைவட்டங்கள் எதன் மிச்சம் என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஸ்கோர்பாவின் கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்படும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொண்டு, நடந்தே போய்விடுங்கள்.