உலகப்பற்றைப் புள்ளி வைத்துப் பிடிப்பது எப்படி? இஞ்ஞாசியார் முறை

‘உலகப்பற்றை விடுங்கள்’ என்று மறையுரையில் கேட்பது சுலபம். வீட்டுக்கு வந்தபின் எதை, எப்படி விடுவது? இயேசு சபையைத் தொடங்கிய புனித லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு ஒரு வழி எழுதிவைத்திருக்கிறார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் 24 முதல் 31 வரை எண்ணிட்ட பத்திகளில் அது இருக்கிறது. இரவில் நாள் முழுவதையும் பார்க்கும் பொது ஆன்மசோதனை வேறு. இது ஒரே ஒரு குறையை மட்டும் விரட்டிப் பிடிப்பது.

தேவை: ஒரு தாள், ஒரு பென்சில். செயலி வேண்டவே வேண்டாம். பலருக்கு விடவேண்டிய பற்றே போன்தான்.

படி 1: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

சறுக்கல் இங்கேதான். ‘பெருமை’, ‘பண ஆசை’ என்று எழுதினால் மதியம் எண்ணுவதற்கு எதுவும் சிக்காது. எண்ணக்கூடிய செயலாக இறக்குங்கள். பெருமை என்றால், ‘யாரும் கேட்காமலே பிள்ளையின் மார்க்கைச் சொல்வது’. பண ஆசை என்றால், ‘செய்த உதவியை நாலு பேரிடம் தொகையோடு சொல்லிக்காட்டுவது’. ஒன்றும் தோன்றவில்லையா? எது கிடைக்காத நாளில் வீட்டில் எரிந்து விழுகிறீர்கள் என்று பாருங்கள்.

தேர்வு சரியா என்று பார்க்க, அதே நூலில் வரும் மூன்று வகையினர் உதவுவார்கள். மூவரிடமும் பத்தாயிரம் டுகாட் (அக்கால ஐரோப்பியத் தங்க நாணயம்) பணம். முதலாமவருக்குப் பற்றை விட ஆசைதான், ஆனால் சாகும்வரை எதுவும் செய்யமாட்டார். இரண்டாமவருக்குப் பற்றும் போகவேண்டும், பணமும் இருக்கவேண்டும். கடவுள்தான் இவர் வழிக்கு வரவேண்டும். மூன்றாமவர், வைத்திருப்பதோ விடுவதோ, கடவுள் சித்தம் எதுவோ அதற்குத் தயார். நாம் பெரும்பாலும் இரண்டாமவர் கட்சி. தவக்கால வெள்ளியில் கறியை விட்டுவிட்டு வஞ்சிரம் வறுவலுக்கு அலைவோம். சுத்தபோசனச் (இறைச்சி தவிர்க்கும்) சட்டப்படி அதில் தப்பில்லை. பற்றுதான் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

படி 2: கோடு போடுங்கள்

ஒரு நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்குப் பதினான்கு. ஞாயிறு மேலே. மேல்கோடு எழுந்ததிலிருந்து மதியம் வரை, கீழ்க்கோடு மதியத்திலிருந்து இரவு வரை.

படி 3: மூன்று வேளை

காலையில் கண் விழித்ததும், இன்று இந்த ஒன்றில் கவனமாக இருப்பேன் என்ற தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின், எத்தனை முறை விழுந்தேன் என்று நினைவுகூரும் அருளை முதலில் கேளுங்கள். பிறகு எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக, வரிசையாக நடந்து வாருங்கள். ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஒரு புள்ளி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி இதே.

மதியத்தை விட்டால் முறையே படுத்துவிடும். ஒப்பிட மேல்கோடு இருக்காது. இடையில் விழும்போதே நெஞ்சில் கை வைத்து மனம் வருந்தச் சொல்கிறார் இஞ்ஞாசியார். கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது, மதியம் நினைவும் வரும்.

இரவில் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் ஒப்பிடுங்கள். பிறகு நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை. ஆரம்பத்தில் புள்ளிகள் கூடினால் பயப்படாதீர்கள். கவனம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

சாப்பாடுதான் உங்கள் பற்று என்றால்

அப்பத்தில் (ரொட்டியில்) அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை, ருசிப் பண்டங்களில்தான் கவனம் வேண்டும் என்கிறது நூல். நம் இலையில், சோற்றில் கை வைக்காமல் வறுவலைக் குறையுங்கள். அடுத்த வேளைக்கு எவ்வளவு என்பதை, வயிறு நிறைந்திருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். பசியில் எடுக்கும் முடிவு நிற்காது. மிகையானதைக் குறைப்பது வெறும் மட்டுமிதம். தேவையானதிலும் கொஞ்சம் குறைப்பதுதான் தவம், அதுவும் உடம்பு கெடாத அளவுக்கு.

பின்சேர்க்கை

வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து சில. செபத்தில் வறட்சி வந்தால் தேர்ந்தெடுத்ததை மாற்றலாமா? கூடாது. மனம் வறண்டிருக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாருடைய உறுதியான விதி.

புள்ளிகளே தூக்கத்தைக் கெடுத்தால்? நிறுத்திவிட்டு, தாளை ஆன்மகுருவிடம் காட்டுங்கள். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில், அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டுத் தவித்தவர் இஞ்ஞாசியாரே. புள்ளி என்பது பாவப் பட்டியல் அல்ல.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் வேளைச் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். நோயாளிகளுக்கு ஒருசந்தி (நோன்பு) கடமை இல்லை. பேச்சையோ போனையோ எடுத்துக்கொள்ளுங்கள்.