ஆளில்லா மலையில் சில இரவுகள்: நடையையும் கூடாரத்தையும் திட்டமிடும் முறை

விடுதியோ பாதைக் குறியோ இல்லாத மலைப்பகுதியில் மூன்று, நான்கு நாள் நடந்து, இரவுகளைக் கூடாரத்தில் கழிக்க விரும்புபவர், சிகரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு மாலையும் எங்கே, எத்தனை மணிக்கு, உடலில் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கும்போது நடையை நிறுத்துவது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். ஒருநாள் நடையில் எவ்வளவு நனைந்தாலும் மாலைக்குள் ஒரு கூரையின் கீழ் வந்து சேர்ந்துவிடலாம். பலநாள் நடையில் முதல் நாளின் ஈரம் அன்றிரவுக் குளிராகிறது. அந்த இரவில் கெட்ட தூக்கம் மூன்றாம் நாள் இறக்கத்தில் கால் தடுமாற்றமாகிறது. ஆகவே திட்டத்தை இரவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

வரைபடத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை மட்டும் பார்த்து நாளைக் கணக்கிடுபவர்கள் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். சம உயரக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, அன்றைய மொத்த ஏற்றத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு இது ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்று சொல்லும். ஆனால் இதில் ஓய்வோ, கரடுமுரடான தரையோ, முதுகில் உள்ள கூடாரத்தின் எடையோ சேரவில்லை. எனவே நான் வரும் விடையை ஒன்றரை மடங்காக்கி, ஆறு மணி நேரம் என்றே எழுதிக்கொள்வேன். பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே அன்றைய நடை முடிந்துவிட வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும், வானிலை கெட்டால் எந்தப் பள்ளத்தாக்கின் வழியாக இறங்கி வெளியேறலாம் என்பதையும் வரைபடத்தில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். கைப்பேசியிலும் ஜிபிஎஸ் கருவியிலும் வழி இருந்தாலும், குளிரில் பேட்டரி விரைவாக இறங்கிவிடும் என்பதால் காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். இரவில் கருவிகளை உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது நல்லது.

அந்த இடத்தில் கூடாரம் போட அனுமதி உண்டா, தீ மூட்டத் தடை உள்ளதா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். பாதை, தங்கும் இடங்கள், கூடாரத்தின் நிறம் ஆகியவற்றையும், எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் பணியினரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதி, பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பொருள்களில் எடை குறைக்கக் கூடாதவை, உறங்குவதற்கு வேண்டியவைதாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்; அடிவார வானிலையை நம்பி உறக்கப்பை வாங்கியவர் மேலே நடுங்குவார். உறக்கப்பையில் அச்சிட்டிருக்கும் எண்களில் சுகமாக உறங்கக்கூடிய வெப்பநிலையைத்தான் பார்க்க வேண்டும்; தாங்கும் எல்லையைக் குறிக்கும் எண்ணை நம்ப வேண்டாம். உடலின் அடியில் நசுங்கிய பஞ்சும் இறகும் வெப்பத்தைக் காக்காது என்பதால், தரைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள பாய் உறக்கப்பையைப் போலவே முக்கியமானது. ஒரு முழு உடுப்பும் ஒரு ஜோடிக் காலுறையும் தண்ணீர் புகாத உறைக்குள் இருக்கட்டும். அவை கூடாரத்துக்குள் மட்டுமே உடுத்துவதற்குரியவை. காலையில் மீண்டும் ஈர உடையை அணிந்துகொள்வது கொடுமைதான், ஆனால் ஐந்து நிமிடம் நடந்ததும் உடல் சூடாகிவிடும். உலர்ந்த உடையையும் நனைத்துவிட்டால் அடுத்த இரவுக்கு எதுவும் இருக்காது. பருத்தித் துணி ஈரத்தைப் பிடித்து வைத்து உடலைக் குளிர்விக்கும். கம்பளியோ செயற்கை இழையோ போதும். எரிவாயு அடுப்பு எடுத்துச் செல்பவர்கள், பியூட்டேன் மட்டும் உள்ள குப்பி உறைநிலைக்கு அருகில் எரியாமல் போகும் என்பதை நினைவில் கொண்டு, புரொப்பேன் கலந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூடாரம் போடும் இடத்தைத் தேர்வதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நானும் ஒருமுறை, ஓடைக்கரையில் பச்சைக் கம்பளம்போல் விரிந்திருந்த புல்தரையைப் பார்த்ததும் அங்கேயே முளை அடித்துவிட்டேன். நள்ளிரவில் விழித்தபோது கூடாரத்தின் உட்புறத் துணி முழுவதும் வெண்ணிறப் பனித்துகள் படிந்திருந்தது. கை பட்டதும் அது முகத்தில் உதிர்ந்தது. விடிந்தபின் முப்பது மீட்டர் மேலே இருந்த சிறு திட்டுக்கு ஏறிப் பார்த்தால், அங்கே புல் நுனியில் ஈரம்கூட இல்லை. தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது; நீரருகே ஈரமும் சேர்ந்துகொள்கிறது. எனவே பள்ளத்தின் அடியையும் முகட்டின் உச்சியையும் விட்டு, நடுவே காற்று மறைவான ஒரு படித்தட்டைத் தேடுங்கள். வறண்ட ஓடைப்படுகையில் ஒருபோதும் படுக்கக் கூடாது. எங்கோ மேலே பெய்த மழை இரவில் அங்கே வெள்ளமாக வந்துசேரும். பட்ட மரங்களும் தளர்ந்த பாறைகளும் தலைக்கு மேல் உள்ளனவா என்று நிமிர்ந்து பாருங்கள். துணியை விரிக்கும் முன் வெறும் தரையில் படுத்துப் பார்த்தால் சரிவும் கற்களும் உடனே தெரிந்துவிடும். காற்று வரும் பக்கத்து முளைகளை முதலில் அடித்து, கூடாரத்தின் குறுகிய முனையைக் காற்றை நோக்கி நிறுத்துங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் காற்றுத் துவாரங்களை மூட வேண்டாம். மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடும். கூடாரத்துக்குள் அடுப்பு எரிப்பது கூடவே கூடாது: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லாததால், உறங்குபவர் அறியாமலே இறந்துவிடுவார்.

ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். குளோரின் மாத்திரை கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை. நுண்குழல் வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் பழுதாகிவிடும் என்பதால் அதுவும் இரவில் உறக்கப்பைக்குள் இருக்க வேண்டும். மலம் கழிப்பதற்கு நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் குழி தோண்டி மூடிவிடுங்கள். பனி உருகி ஓடும் ஆற்றைக் கடப்பதாக இருந்தால் நீர் குறைந்திருக்கும் விடியற்காலையில் கடக்க வேண்டும். அப்போது முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டால், விழுந்தாலும் பையிலிருந்து விடுபட முடியும்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள்: மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கொள்ளலாம். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் முகட்டை விட்டு உடனே இறங்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் செல்லும்போது, உயரத்தால் வரும் நோயைத் தவிர்க்க, இரவில் உறங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடல்வெப்பம் குறைவதைக் கண்டுகொள்ளும் திறமை குழுவில் ஒவ்வொருவருக்கும் வேண்டும், ஏனெனில் பாதிக்கப்பட்டவருக்கு அது தெரிவதில்லை. பேச்சு குழறுகிறது, ஜிப்பை இழுக்க விரல் வரவில்லை, சமதரையில் கால் இடறுகிறது, கேட்டால் “ஒன்றுமில்லை, போகலாம்” என்கிறார். அந்தச் சொல்லை நம்பி நடக்காதீர்கள். அங்கேயே கூடாரம் போட்டு, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடையும் உறக்கப்பையும் பாயும் கொடுத்து, விழுங்க முடியுமானால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்கவோ மது கொடுக்கவோ கூடாது. அவர் சூடாகாத நிலையிலேயே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். உதவி கேட்க வேண்டும். மலைகளில் பழக்கமான அபாய அறிவிப்பு, ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசிலோ விளக்கோ, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் கேட்டுவிட்டது என்று அறியலாம்.

காலில் எரிச்சல் தொடங்கிய அந்த நிமிடமே நின்று, காலணியைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் ஆன பிறகு மூன்று நாள் நடை மூன்று நாள் வேதனையாகிவிடும்.

கடைசி நாள் இறங்கி வந்து தொலைபேசித் தொடர்பு கிடைத்ததும், உணவுக்கும் குளியலுக்கும் முன்பாக, திட்டத்தை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தீர்களோ அவரை அழைத்து, திரும்பிவிட்டதாகச் சொல்லுங்கள். அந்த அழைப்பை மறந்தால், ஆபத்து ஒன்றுமில்லாத உங்களைத் தேடி வேறு சிலர் இரவில் மலையேற நேரும்.